இடுப்பை இழுக்கும் இயந்திரமும் மடியை இழுக்கும் கையும்

“அறுவை இல்லை! ஊசி இல்லை! மருந்து இல்லை! படுத்தாலே போதும், முதுகுவலி பறந்தோடும்!”

கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போன நம் தோட்டத்துப் பெண்களின் கையில் திணிக்கப்பட்ட துண்டறிக்கையின் வாசகம் இது. மறுபக்கத்தில் முதுகெலும்பின் வண்ணப்படம். இரண்டு எலும்புகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு பிதுக்கம். அடியில், “இலவசப் பரிசோதனை, இன்றே வருக!” இலவசம் என்று எழுதியிருந்தால் நம்மவர் கால் தானாக நடக்கும் என்பதை அந்த அறிக்கையை அச்சிட்டவன் நன்றாகக் கற்று வைத்திருக்கிறான்.

நம் செக்ரோலில் பெயருள்ள அக்கா ஒருவர் போனார். இருபத்தாறு ஆண்டுகளாகப் பால் வெட்டுகிறவர். பரிசோதனை இலவசந்தான். ஆனால் அது முடிந்ததும் படத்தைக் காட்டி, “அம்மா, இதை இப்படியே விட்டால் கால் விழுந்துவிடும், பிறகு அறுவைதான்” என்றார்களாம். பயந்துபோனார். இருபது தடவை இயந்திரத்தில் படுக்க வேண்டும். தடவைக்கு 180 வெள்ளி. மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை. ஆக 3,600 வெள்ளி. இன்று இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இரண்டு மாதம் வீட்டில் உலை வைக்காமல் இருந்தாலும் அந்தத் தொகை சேராது. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் ‘நெகிழ்வுக் கணக்கு’ என்று ஒன்று பிரித்திருக்கிறார்கள் அல்லவா? அதிலிருந்து எடுத்துக் கட்டினார். முதுமைக்கென்று வைத்த பணம், ஒரு பிற்பகலில் கைமாறிவிட்டது.

பதினோரு தடவை படுத்து எழுந்தபின் நம்மிடம் வந்து சொன்னார்:

“தம்பி, படுத்திருக்கிற நேரம் சொகமாத்தான் இருக்கு. மறுநா காலையில வாளியைத் தூக்கினா பழைய கதைதான். நான்தான் சரியாப் படுக்கலையோ என்னமோ.”

இந்தக் கடைசிச் சொல்தான் நம்மை எழுத வைத்தது. பணமும் போய், வலியும் போகாமல், பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாரே! இதற்குமேல் வாய்மூடி இருப்பது தொழிற்சங்கத்தானுக்கு அழகா?

முதலில் இயந்திரம் என்னவென்று பார்ப்போம். அது மாயமுமல்ல, மந்திரமுமல்ல. ஒரு கட்டில். நெஞ்சைச் சுற்றி ஒரு வார், இடுப்பைச் சுற்றி ஒரு வார். மோட்டார் மெதுவாக இழுக்கிறது, சற்றுத் தளர்த்துகிறது, மறுபடி இழுக்கிறது. எவ்வளவு இழுப்பது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டத்தட்டுகளின் மேலுள்ள அழுத்தம் குறையும், பிதுங்கியது உள்ளே போகும், நீரும் சத்தும் ஊறும் என்பது சொல்லப்படும் காரணம். ‘அழுத்த நீக்கச் சிகிச்சை’ என்பது பெயர். பெயர் புதிது, வேலை பழையது. நோயாளியைப் பலகையில் கட்டி இழுக்கும் முறை கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே உண்டு. மருத்துவமனைகளில் இதனை ‘டிராக்‌ஷன்’ என்று வெகுகாலமாகச் செய்து வந்திருக்கிறார்கள். பழைய கயிற்றுக்குக் கணினியைக் கட்டியவுடன் விலைதான் வானத்துக்கு ஏறிற்று.

அழுத்தம் உண்மையில் குறைகிறதா? குறைகிறதென்று 1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகளின் தட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்தார்கள். இழுக்கும் நேரத்தில் அழுத்தம் இறங்கியது. அதை மறுக்கவில்லை. விற்பனைக்காரர்கள் இன்றுவரை கையில் பிடித்துக்கொண்டு ஆடுவது அந்த ஆய்வைத்தான். ஆனால் அக்கா கேட்ட கேள்வி வேறு. இழுக்கும்போது அழுத்தம் குறைகிறதா என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய் வேலை செய்தால் வலி குறையுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். 2013இல் காக்ரேன் என்னும் உலக மருத்துவ ஆய்வுக் குழு, இடுப்புவலிக்கு இழுவை கொடுத்துப் பார்த்த 32 சோதனைகளை, 2,762 நோயாளிகளின் விவரத்தை, ஒன்றாகத் திரட்டி எடைபோட்டது. வலி, நடமாட்டம், வேலைக்குத் திரும்புதல், எதிலும் இழுவையால் பெரிய பயன் இல்லை அல்லது பயனே இல்லை என்பது அதன் தீர்ப்பு. காலுக்கு வலி இறங்கியவர்களுக்கும் அதே தீர்ப்புத்தான். பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2016இல், இடுப்புவலிக்கு இழுவை கொடுக்காதீர் என்று டாக்டர்களுக்கே எழுதிவிட்டது. 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், நாட்பட்ட இடுப்புவலிக்குச் செய்யத்தகாதவை என்று பட்டியலிட்டவற்றில் இழுவையும் உண்டு. இடுப்பு வாரும் உண்டு. மருந்துக்கடையில் நாற்பது ஐம்பது வெள்ளி கொடுத்து வார் வாங்கி, அதைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வரும் தோழர்களும் இதனைக் கவனிப்பார்களாக.

“நாங்கள் செய்வது டிராக்‌ஷன் அல்ல, அதைவிட உயர்ந்தது” என்பார்கள். உயர்ந்தது என்றால் உயர்ந்ததென்று காட்டும் சோதனை எங்கே? அமெரிக்க அரசின் அனுமதி இருக்கிறது என்று சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அந்த அனுமதி, முன்பே சந்தையில் உள்ள இழுவைக் கருவிகளை ஒத்தது இது என்று சொல்லிப் பெற்ற அனுமதி. அரசிடம் போகும்போது ‘பழையதைப் போன்றது’. நம்மிடம் வரும்போது ‘பழையதைவிட உயர்ந்தது’. ஒரே வாய்க்கு இரண்டு நாக்கு!

கழுத்து வலிக்கு வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கழுத்திலிருந்து கைக்கு நரம்புவலி இறங்கும் சிலருக்கு, உடற்பயிற்சியோடு சேர்த்துக் கழுத்து இழுவை கொடுத்தபோது ஓரளவு பலன் தெரிந்ததாகச் சோதனை உண்டு. பலனில்லை என்பாரும் உண்டு. வேண்டுமென்று டாக்டர் கருதினால் அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம். அதற்காக மூவாயிரத்தறுநூறு வெள்ளியா?

“எங்கள் மாமாவுக்குச் சுகமாயிற்றே, அண்ணே” என்று ஓர் இளந்தோழர் நம்மை மடக்கினார். ஆகியிருக்கலாம். திடீரென்று பிடித்த இடுப்புவலி பெரும்பாலோருக்கு ஆறு வாரத்துக்குள் தானே தணிந்துவிடுகிறது. பிதுங்கிய தட்டும் பலருக்கு மாதக்கணக்கில் தானே சுருங்கிவிடுகிறது. இப்போது இருபது தடவைச் சிகிச்சைக்கு எத்தனை காலம் பிடிக்கிறது என்று கணக்கிடுங்கள். வாரத்துக்கு மூன்று என்றால் ஏறத்தாழ ஆறு, ஏழு வாரம்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கை வந்து கட்டணம் கேட்கிறது.

அந்தச் சிவப்புப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலியே இல்லாத மனிதர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தார்கள். இருபது வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்குத் தட்டுப் பிதுக்கம். ஐம்பது வயதினரில் நூற்றுக்கு 60 பேருக்கு. இவர்கள் எல்லாரும் வலியின்றி நடமாடியவர்கள். தலை நரைப்பதைப் போல் தட்டும் நரைக்கிறது. நரையைக் காட்டி, “நீ சாகப்போகிறாய்” என்று மிரட்டுபவனை என்னவென்று அழைப்போம்? ‘அறுவை இல்லை’ என்பதே ஒரு தந்திரந்தான். பத்திரிகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தோழரே, உமக்கு அறுவை வேண்டுமென்று யார் சொன்னது? இடுப்புவலிக்காரரில் மிகச் சிலருக்கே அறுவை தேவைப்படுகிறது. இல்லாத பேயைக் காட்டிவிட்டுத் தாயத்து விற்கிறார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டோம். ஆனால் அந்தக் கடைக்காரனை மட்டும் ஏசிவிட்டுப் பேனாவை மூடினால் நாமும் அரைக்குருடர்தாம். அக்காவின் முதுகை வளைத்தவன் அவன் அல்லவே!

ஒரு நிரைக்கு 500, 600 மரம். வெட்ட ஒரு முறை, பால் எடுக்க ஒரு முறை. விடிவதற்கு முன் தொடங்கி மதியத்துக்குள் ஆயிரம் தடவைக்கு மேல் அந்த இடுப்பு வளைகிறது. வெட்டுப் பட்டை தரைக்கு நெருங்க நெருங்க முதுகு மடிகிறது. கீழ்ப் பட்டை தீர்ந்து மேலே ஏறினால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து வெட்டவேண்டும். இப்போது கழுத்துக்கு வந்தது கேடு. பிறகு வாளி. 20 லிட்டர் பால் ஏறத்தாழ 20 கிலோ. இரண்டு கைக்கு இரண்டு வாளி, இல்லையேல் காண்டாக் கம்பின் இரு முனையில் இரண்டு. மழை பெய்த மேட்டில் வழுக்கிக்கொண்டு அந்த நாற்பது கிலோ தோம்பு வரை போகவேண்டும். பிரிட்டனில் தொழிலாளர் நல இலாகா எழுதிவைத்த வழிகாட்டி அளவு, உடம்போடு ஒட்டி இடுப்புயரத்தில் தூக்குவதற்கே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. குனிந்து தூக்கினால் அதைவிடக் குறைவு. நம் அக்கா தூக்கியதைக் கூட்டிப் பாருங்கள். தென் தாய்லாந்தில் பால்வெட்டுத் தொழிலாளரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு மேல் இடுப்புவலி. எல்லைக்கு அந்தப்பக்கம் வெட்டினாலும் இந்தப்பக்கம் வெட்டினாலும் மரமும் ஒன்று, முதுகும் ஒன்று.

கிள்ளான் வட்டாரத்தில் இன்று ரப்பர் மரத்தைத் தேடித்தான் காணவேண்டியிருக்கிறது. பெரும்பகுதி செம்பனையாயிற்று, தாமானாயிற்று, தொழிற்சாலையாயிற்று. செம்பனைக்குப் போனவர் நாள் முழுவதும் அண்ணாந்து குலை அறுக்கிறார். பட்டணத்துக்குப் போனவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறார், கட்டடத்தில் தரை துடைக்கிறார். தோட்டம் போயிற்று, தோட்டத்து முதுகுவலி கூடவே குடிபெயர்ந்தது. நம்மைப்போன்ற கிராணிகள் மட்டும் தப்பினோமா? சம்பளக் கணக்கின்மேல் குனிந்து குனிந்து நமக்கும் கழுத்து பிடித்துத்தான் கிடக்கிறது. ஆனால் நாம் வலிக்கிறதென்றால் எழுந்து போய்த் தேநீர் குடிக்கலாம். நிரையில் நிற்பவர் எழுந்து எங்கே போவார்?

இந்தக் கிள்ளானில் 1941ஆம் ஆண்டு நடந்ததை மூத்தவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்நிற்க, தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் நடந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற கொடுமைக்கு எதிராகவும் கோரிக்கை வைத்தார்கள் என்பதைத்தான் எல்லாரும் சொல்லுகிறார்கள். அதே பட்டியலில் முறையான மருத்துவ வசதி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. அதற்குக் கிடைத்த விடை கைதும், நாடுகடத்தலும், துப்பாக்கிக் குண்டும். அந்த மே மாதத்தில் தொழிலாளர் உயிரிழந்தனர். அன்று உயிர் கொடுத்துக் கேட்டதை இன்று நாம் 3,600 வெள்ளி கொடுத்துக் கடைத்தெருவில் தேடுகிறோம் என்றால், தவறு எங்கே இருக்கிறது?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இலிருந்து இருக்கிறது. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்கார வேண்டும். 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலையில் உள்ள ஆபத்தை முதலாளி மதிப்பிட்டுப் பதிய வேண்டும். உடலை வருத்தும் வேலையை மதிப்பிடுவதற்கு 2017இலும், கையால் சுமை தூக்குவதற்கு 2018இலும் அரசு இலாகாவே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. உங்கள் தோட்டத்தில் குழு இருக்கிறதா? கடைசியாக எப்போது கூடியது? வாளியின் எடையை அந்தக் கூட்டத்தில் யாராவது பேசினார்களா? நிர்வாகம் கையுறை கொடுத்ததையும், பாம்புக்கடிக்கு மருந்து வைத்திருப்பதையும் சொல்லும். முதுகைப் பற்றிக் கேட்டால், “அது வயசுக் கோளாறு” என்னும். நிரை ஓரத்திலேயே பாலைச் சேர்க்கும் வண்டியை நிறுத்துவதும், தோம்பை நெருங்கக் கொண்டுவருவதும், வாளியைச் சிறிதாக்குவதும் ராக்கெட் விடும் வித்தையா? காசு செலவாகும், அவ்வளவே. அந்தக் காசு இப்போது அக்காவின் சேமநிதியிலிருந்து செலவாகிறது.

சொக்சோ விஷயத்தில் நம் வீட்டுக் குப்பையையும் கூட்டவேண்டும். வேலையில் வழுக்கி விழுந்தாலோ, சுமை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டாலோ அன்றே சொல்லவேண்டும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும். அதற்கு 34ஆம் எண் பாரம் இருக்கிறது. வேலையில் நேர்ந்த காயமென்று ஏற்கப்பட்டால் மருத்துவச் செலவு உங்களுடையதல்ல. நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு என்றால் சம்பளக் கணக்கில் நூற்றுக்கு 80 பங்கு படியும் உண்டு. உடம்பு தேறி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007இலிருந்து நடக்கிறது. மலாக்காவில் மறுவாழ்வு மையமே கட்டியிருக்கிறார்கள். 2019இலிருந்து அந்நிய நாட்டுத் தொழிலாளருக்கும் இந்த விபத்துக் காப்புறுதி உண்டு. பக்கத்து நிரையில் வெட்டும் நேப்பாளத் தோழருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அவர் மொழியில் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பாரத்தை எழுதவேண்டியவர் யார்? ஆபீசில் இருக்கும் கிராணி. அதாவது நாம். “சின்ன வலிதானே அக்கா, பாரமெல்லாம் எதுக்கு, மேனேஜர் முகம் சுளிப்பார்” என்று சொல்லி அனுப்பிய கிராணிகள் நம்மில் இல்லையா? நாமே அப்படி ஒருமுறை சொன்னோம். இதே அக்காவிடந்தான் சொன்னோம். மூன்று ஆண்டுக்கு முன் மழை நாளில் வாளியோடு வழுக்கி விழுந்து வந்தபோது, ஒரு வலிநிவாரணத் தைலப் புட்டியை நீட்டிவிட்டு மறுபடி கணக்கில் மூழ்கினோம். அன்று பாரம் எழுதியிருந்தால் துண்டறிக்கைக்காரனிடம் அவர் போயிருக்கவே வேண்டியதில்லை. இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது.

வலி வந்தவர் என்ன செய்வது? முதலில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். சிறுநீர் பிரியாமல் அடைத்தாலோ தானே கசிந்தாலோ, தொடையிடுக்கிலும் ஆசன வாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, விழுந்தபின் கடும் வலி வந்தாலோ, வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அந்நிலையில் எந்த இயந்திரத்திலும் படுக்கக்கூடாது. எலும்பு தேய்ந்து நொய்ந்தவர்களையும், கர்ப்பிணிகளையும், புற்றுநோய் கண்டவர்களையும் இழுவையில் போடுவது ஆபத்து. மற்றவர்கள் பண்டமாரானிலோ காப்பாரிலோ அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமகனுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போனால் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. காத்திருக்கவேண்டும், மறுக்கவில்லை, காலையில் போனால் பிற்பகல் ஆகும். உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள். படுத்தே கிடக்காதே, நட, கொஞ்சங்கொஞ்சமாக வேலைக்குத் திரும்பு என்பார்கள். இவ்வளவு சாதாரணமாகச் சொல்வதால்தான் நம்மவருக்கு நம்பிக்கை பிறப்பதில்லை போலும்! ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்து 2024இல் வெளிவந்த சோதனையில், முறையாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பிவர 208 நாள் ஆயிற்று. செய்யாதவர்களுக்கு 112 நாள். “நடைக்கா நமக்குப் பஞ்சம்?” என்று சிரிப்பீர்கள். வாளி சுமந்து குனிந்து ஓடுவது வேறு. கைவீசி நிமிர்ந்து நடப்பது வேறு. அந்த இரண்டாவது நடைக்கு நமக்கு நேரம் விட்டுவைக்காததும் ஒரு சம்பளப் பிரச்சினைதான்.

பணம் கட்டித்தான் தீருவேன் என்பவர், கட்டுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். எதிரே வெள்ளை அங்கியில் நிற்பவர் யார்? உடலியக்கச் சிகிச்சையாளரா, கைரோபிராக்டிக் காரரா, விற்பனை ஆளா? இரு தொழிலுக்கும் 2016இல் சட்டம் வந்துவிட்டது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் சுகாதார அமைச்சின் கே.கே.எல்.ஐ.யு. அனுமதி எண் உண்டா? பாதியில் நிறுத்தினால் மீதிப்பணம் திரும்புமா? எழுத்தில் கொடுப்பார்களா? வாயால் சொன்னது வாசல் தாண்டினால் காற்று.

அக்காவுக்கு இன்னும் ஒன்பது தடவை பாக்கி. போன சனிக்கிழமை நம் கிளைச் செயலாளரும் நாமும் அவரோடு அந்தக் கடைக்குப் போய் மீதிப் பணத்தைக் கேட்டோம். “முதலாளி வெளியூர்” என்றார்கள். எழுத்தில் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை வாங்கி வந்திருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறோம். ஓய்வாயிருக்கும் தோழர்கள் கூட வரலாம். சுகாதார கிளினிக்கில் கடிதம் வாங்கியாயிற்று. மூன்று ஆண்டுக்கு முந்தைய அந்த விழுகைக்கு, காலங்கடந்தாவது, நம் கையால் 34ஆம் எண் பாரத்தை எழுதி மேலாளர் மேசையில் வைத்திருக்கிறோம். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை அவர் கையெழுத்திடவில்லை.